யானை வாங்கினோம், அங்குசம் எங்கே?

அணை கட்டும்போது ஊரே திரண்டு வருகிறது. மந்திரிகள் வருகிறார்கள், கல்வெட்டுத் திறக்கப்படுகிறது, பத்திரிகைகளில் படம் வெளியாகிறது. அதே அணையின் ஷட்டர் சங்கிலிக்கு ஒரு லஸ்கர் மசகு தடவும்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் அணை கட்டி அறுபது ஆண்டு கழிந்த பின், ஜனங்களின் உயிருக்கும் பயிருக்கும் காவலாக நிற்பது கல்வெட்டு அல்ல, அந்த மசகுதான்.

கிருஷ்ணகிரி ஜில்லாவாசிகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தென்பெண்ணையின் குறுக்கே 1950-களின் பிற்பகுதியில், காமராஜ் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுந்தது கே.ஆர்.பி. அணை. ஐம்பத்திரண்டு அடி உயரத்துக்கு நீரைத் தேக்கி, ஒன்பதாயிரம் ஏக்கர் ஆயக்கட்டுக்குப் பாசனம் தருகிறது. 2016-ஆம் ஆண்டின் கொடிய வறட்சிக்குப் பின், 2017-இல் நல்ல மழை பெய்து அணை நிரம்பியது. விவசாயிகள் மனம் குளிர்ந்திருந்த வேளையில், நவம்பர் 29-ஆம் தேதி எட்டு மதகுகளில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து, தேக்கி வைத்த தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறியது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் ஆகிய ஐந்து ஜில்லாக்களின் கரையோர மக்களுக்கும் எச்சரிக்கை விடப்பட்டது. பிறகு புது ஷட்டர் வந்தது. காலப்போக்கில் மற்ற ஷட்டர்களும் மாற்றப்பட்டன. நல்லதுதான். ஆனால் உடைந்த பிறகு மாற்றுவதற்குப் பெயர் பாதுகாப்பு அல்லவே!

இது ஓர் ஊரின் துரதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தமிழ்நாடு பராமரித்து வரும் பரம்பிக்குளம் அணையில் 2022 செப்டம்பரில் ஒரு ஷட்டர் அடித்துச் செல்லப்பட்டது. துங்கபத்திரை அணையில் 2024 ஆகஸ்டில் சங்கிலி அறுந்து 19-ஆவது ஷட்டர் போயிற்று. இம்மூன்று இடங்களிலும் சுவர் அசையவில்லை, இரும்புதான் கைவிட்டது. சுவர் கட்டக் கோடிகளைக் கொட்டியவர்கள், சங்கிலியைக் கவனிக்க ஆயிரங்களுக்குக் கணக்குப் பார்த்தால் இப்படித்தான் நடக்கும். யானை வாங்கியவன் அங்குசம் வாங்கத் தயங்கலாமா?

இந்த நிலையை மாற்றவே பார்லிமெண்ட் 2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் தேதி முதல் அது அமலில் உள்ளது. பதினைந்து மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளும், பத்து முதல் பதினைந்து மீட்டர் வரை உயரமுள்ளவற்றில் சில வகைகளும் அதற்குள் அடங்கும். அணையின் சொந்தக்காரர் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் சோதனை செய்ய வேண்டும்; பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவு வைக்க வேண்டும்; மராமத்துக்குப் போதிய பணத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். சட்டம் வந்த ஐந்து ஆண்டுக்குள், அதாவது 2026 டிசம்பர் இறுதிக்குள், ஆபத்துக் காலத் திட்டத்தை வகுக்க வேண்டும். சுதந்திரமான நிபுணர் குழுவைக் கொண்டு அணையை முழுமையாக ஆராயவும் வேண்டும். இணங்க மறுப்பவருக்கு ஓராண்டு வரை சிறை. அதனால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் இரண்டாண்டு வரை சிறை. குற்றம் ஓர் இலாகாவினுடையது என்றால், அதன் தலைவரே பொறுப்பாளி.

சட்டம் நல்ல சட்டந்தான். ஆனால் சொந்தக்காரர் யார்? நம் நாட்டின் ஏறத்தாழ ஆறாயிரம் பெரிய அணைகளில் மிகப் பெரும்பாலானவை ராஜ்ய சர்க்கார்களுக்கே சொந்தம். அணையை வைத்திருப்பதும் சர்க்கார். அதைச் சோதிக்கும் ராஜ்ய அமைப்பும் சர்க்கார். பணம் ஒதுக்க வேண்டியதும் சர்க்கார். இஞ்சினீயர் கேட்ட பணம் நிதி இலாகாவில் நின்றுவிட்டால், பிறகு யார் யாரைத் தண்டிப்பது? தண்டனையின் பயம் மட்டும் துருவை நீக்கிவிடாது.

ஓசூரையே பாருங்கள். அங்குள்ள தொழிற்சாலைகளில் பளு தூக்கும் எந்திரத்தின் ஒவ்வொரு சங்கிலியையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்திருந்தது. முதலாளி வேறு, இன்ஸ்பெக்டர் வேறு. சங்கிலி தேய்ந்திருந்தால் மாற்றுவது முதலாளியின் செலவு. அந்தச் செலவு அவருடைய வரவு செலவுக் கணக்கில் ஆண்டுதோறும் இருக்கும். சில டன் இரும்பைத் தூக்கும் சங்கிலிக்கு இத்தனை காவல் என்றால், ஐந்து ஜில்லாக்களைக் காக்கும் சங்கிலிக்கு எத்தனை வேண்டும்?

மத்திய சர்க்கார் உதவவே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. உலக வங்கிக் கடனுடன் 2012 முதல் 2021 வரை நடந்த அணைப் புனரமைப்புத் திட்டத்தில், தமிழ்நாடு உள்பட ஏழு ராஜ்யங்களில் 223 அணைகள் சீர்பெற்றன. அதன் அடுத்த கட்டங்கள் 19 ராஜ்யங்களில் 736 அணைகளுக்காக, 10,211 கோடி ரூபாயில் வகுக்கப்பட்டன. ஆனால் அந்தத் தொகையில் 7,000 கோடி வெளிக்கடன்; மீதி 3,211 கோடியைத் திட்டத்தை நடத்துவோரே போட வேண்டும். கடனின் பெரும் பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டியவை ராஜ்யங்களே. மேலும், பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் பெருந்திட்டம் ஷட்டரை மாற்றித் தரும். அடுத்த மாதம் மசகு தடவ ஆளைத் தராது. நோயாளிக்கு ஆபரேஷன் செய்ய உதவியிருக்கிறார்கள். அன்றாடச் சாப்பாட்டுக்கு வழி சொல்லவில்லை.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவும் சாட்சி. மிச்சிகன் ராஜ்யத்து ஈடன்வில் அணை தனியார் சொத்து. வெள்ளம் வடியப் போதிய வழி செய்யுமாறு அதிகாரிகள் பல்லாண்டு வற்புறுத்தினார்கள். பணமில்லை என்றார் சொந்தக்காரர். 2018-இல் மின் உற்பத்தி லைசென்ஸ் ரத்தாயிற்று. ஆனால் அணை அப்படியேதான் நின்றது. 2020 மே மாதம் அது உடைந்து, பதினாயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. அபாயம் மிகுந்த அணைகளைச் சீர்செய்ய மானியம் தருவதற்கென அந்நாட்டில் 2016-இலேயே சட்டம் செய்திருந்தும், இந்த அணையின் ஆபத்து தீரவில்லை. உத்தரவோடு பணமும், பணத்தோடு கண்காணிப்பும் சேர்ந்து வந்தால்தான் பலன் உண்டு.

ஆகவே நாம் கேட்பது இதுதான். சட்டம் போட்ட மத்திய சர்க்கார், அச்சட்டம் கட்டாயமாக்கும் சோதனைகளுக்கும் ஆண்டு மராமத்துக்கும் ஒரு பங்கைக் கடனாக அன்றி மானியமாகத் தர வேண்டும். ராஜ்ய சர்க்கார் ஒவ்வோர் அணைக்கும் பட்ஜெட்டில் தனிக் கணக்கு வைத்து, ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மானியம் வேறு செலவுக்குத் திருப்பப்படாமல் இருக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை. லஸ்கர் வேலைக்குத் தேர்ச்சி பெற்றவர்களை அமர்த்த வேண்டும். கடைசல் பட்டறைகளும் கைதேர்ந்த தொழிலாளரும் நிறைந்த ஓசூர் பக்கத்திலேயே இருக்கையில், உதிரி பாகங்களை முன்கூட்டியே செய்து வைப்பதில் என்ன கஷ்டம்?

ஆபத்துக் காலத் திட்டம் அலுவலக அலமாரிக்குள் உறங்கக்கூடாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. கீழேயுள்ள சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி திறந்துவிடப்பட்டது. கரையோர மக்கள் பட்ட அவதியை நாடறியும். எந்த அளவு நீர் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும், எங்கே போய் ஒதுங்க வேண்டும் என்பது தமிழில் எழுதப்பட்டு ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

எல்லைப் புறத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. தென்பெண்ணை கர்நாடகத்திலிருந்து கெலவரப்பள்ளி வழியாக வருகிறது. அதன் கிளையான மார்க்கண்டேய நதியில், யார்கோலில் கர்நாடகம் அணை கட்டியிருக்கிறது. அந்த அணையின் ஆபத்துக் காலத் திட்டத்தில் வேப்பனப்பள்ளிக் கிராமங்களுக்கும் இடம் வேண்டும். தண்ணீர்ப் பங்கீட்டு வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். வெள்ளச் செய்தி மறு பக்கம் தடையின்றி வரட்டும்.

முல்லைப்பெரியாறு போன்ற அணைகளின் உரிமையை முன்னிட்டுத் தமிழ்நாடு இச்சட்டத்தை எதிர்த்தது. அந்த ஆட்சேபத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அதிகாரம் டில்லியிடமா, சென்னையிடமா என்ற விவாதம் முடியும்வரை துரு காத்திருக்காது. பணத்தை டில்லி தரட்டும். கணக்கைச் சென்னை காட்டட்டும். அடுத்த மழைக்கு முன் சங்கிலிகள் சோதிக்கப்படட்டும்.