வரைபடத்தில் லயம் எங்கே?

பெலிஹுல்ஓயாவில், சப்ரகமுவ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மாணவர்களுக்காகப் போர்டிங் வீடு கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிரதேச சபையில் வரைபடத்துக்கு அனுமதி எடுக்க வேண்டும். இரத்தினபுரி மண்சரிவு அபாயமுள்ள மாவட்டம் என்பதால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் தேவைப்படும். அலைச்சல்தான். ஆனாலும் அந்தச் சரிவு ஒரு வீட்டைத் தாங்குமா என்று ஒரு தடவையாவது யாரோ பார்க்கிறார்கள் இல்லையா?

தோட்டத்து லயத்தை அப்படி யார் பார்த்தது? வெள்ளைக்காரன் காலத்தில் துரை காட்டிய இடத்தில் கட்டிய காம்பராக்களில்தான் நம்ம குடும்பங்கள் பல இன்னும் இருக்கின்றன.

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க மலை சரிந்தது. நாடே அதைப் பற்றிப் பேசியது. அதே நாளில் அதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து ஆட்களைக் கொண்டுபோனது. அந்தப் பெயர் இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

மழையை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எங்களால் முடியவில்லை. 1987ஆம் ஆண்டு பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவு செய்யத் தடையாக இருந்தது. ஓட்டு வாங்கலாம், ஆனால் லயத்துக்கு ஒரு பாதை போட முடியாது! 2018இல்தான் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். முப்பது வருசம்.

சட்டம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. ஒரு நிலத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு எடுக்கும்போது அதிகாரிகள் தேடுவது உறுதிக்காரரை. நம்மகிட்ட ஏது உறுதி? தோட்டக் காணியில் ஹோட்டல் வந்தாலும், வேறு பயிர் வந்தாலும், ஓடை திரும்பினாலும் கம்பனியோடு பேசினால் போதும் என்று நினைக்கிறார்கள்.

“அது கம்பனி நிலம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. அவற்றின் கையில் இருப்பது குத்தகை. பெரும்பாலான தோட்டங்களில் நிலம் அரசுடையது. அரசு நிலம் என்றால் அதில் வாழ்கிறவனுக்கும் பேச்சு இருக்க வேண்டும். நாங்கள் அபிவிருத்திக்கு எதிரிகள் இல்லை. உறுதி இல்லாவிட்டாலும், அங்கே குடியிருப்பதே கேட்கப்படுவதற்குப் போதுமான தகுதி என்கிறோம்.

நுவரெலியா மாதிரி இல்லை, சப்ரகமுவவில் நம்ம ஆட்கள் சிதறிக் கிடக்கிறார்கள். சபையில் நமக்காகக் கத்த ஆள் குறைவு. அதனால் எழுத்தில் கேட்போம். உங்கள் பிரதேச சபையின் அபிவிருத்தித் திட்டத்தில் உங்கள் தோட்டம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது? லயம் இருக்கும் சரிவை யாராவது பரிசோதித்தார்களா? அறிவித்தல் தமிழில் வந்ததா? 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் தருவார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும்.

லீவுக்கு வீட்டுக்குப் போகும் கெம்பஸ் பிள்ளைகள் இந்தக் கடிதத்தை அப்பா அம்மாவோடு உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால்.