கட்டணத்துக்கும் ஓர் எழுத்து வேண்டும்

வஹகோட்டை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புனித அந்தோனியார் திருத்தலமே. அதனைச் சூழவுள்ள மாத்தளை மாவட்டக் கிராமங்களில், நாட்டின் ஏனைய கிராமங்களைப் போலவே, காணித் தகராறு என்பது தலைமுறை கடந்தும் தொடரும் சங்கதியாகும். தந்தை தொடுத்த பாகப்பிரிவினை வழக்கில் மகன் தீர்ப்புப் பெறுவதுண்டு. இத்தகைய நீண்ட வழக்குகளின் முடிவில் இன்னொரு வழக்கு முளைப்பதுமுண்டு. கட்டணம் பாக்கி என்கிறார் சட்டத்தரணி. உங்களை நான் நியமிக்கவே இல்லை என்கிறார் கட்சிக்காரர். யார் சொல்வது உண்மை என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பது?

சட்டம் இதற்கு ஓரளவு விடை தருகின்றது. வழக்கொன்றில் சட்டத்தரணியை நியமிப்பது கட்சிக்காரர் கையொப்பமிட்ட எழுத்து மூலம் அமைந்து, நீதிமன்றத்தில் கோவைப்படுத்தப்பட வேண்டும் என்கிறது குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவு. 'புரொக்சி' எனப்படும் இப்பத்திரமே உறவுக்கான முதற்சான்று. அதேபோல், கையொப்பமிட்ட கட்டணப் பட்டியலைக் கட்சிக்காரரிடம் ஒப்படைத்து ஒரு மாதம் கழியுமுன் சட்டத்தரணி வழக்குத் தொடர முடியாது என்கிறது 215ஆம் பிரிவு. பட்டியலை மதிப்பிடும் அதிகாரம் நீதிமன்றப் பதிவாளருக்கு உண்டு.

ஆயினும் 'புரொக்சி' உறவை நிரூபிக்குமேயன்றிப் பேசிய தொகையை நிரூபிக்காது. கட்சிக்காரர் இறந்தால் அதன் வலுவும் முடிவுறுகின்றது. தந்தையின் கையொப்பத்தை நம்பி மகனுக்காகத் தோன்றிய சட்டத்தரணி, மகனிடம் புதிய பத்திரம் பெறத் தவறினால் சிக்கலுக்குள்ளாகிறார். நீதிமன்றத்துக்கு வெளியே தரப்படும் ஆலோசனைக்கும் கடிதங்களுக்கும் இப்பத்திரமே கிடையாது.

முஸ்லிம் வாசகர்கள் இதனை நன்கறிவர். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி காதிமார் முன்னிலையில் சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. ஆகவே தாபரிப்புக் கோரும் பெண்ணுக்கு மனு எழுதிக் கொடுத்து வழிகாட்டும் சட்டத்தரணியின் உழைப்புக்கு நீதிமன்றப் பதிவேதும் இருக்காது. அவர் கேட்கும் தொகை நியாயமானதா என்று சரிபார்க்க அப்பெண்ணிடமும் ஆவணம் இருக்காது.

எழுத்தில்லாத இடத்தில் பலமுள்ளவர் கையே ஓங்கும் என்பதற்கு அயல்நாட்டில் சான்றுகள் உண்டு. கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கோவைகளைத் தடுத்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என இந்திய உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தெலங்கானாவில் வாகன விபத்து நட்டஈட்டு வழக்கில், நட்டஈட்டின் விகிதாசாரப்படி கட்டணம் கோரி, கட்சிக்காரப் பெண்ணிடம் 10 இலட்சம் ரூபாவுக்குக் காசோலை பெற்ற வழக்கறிஞர், அது திரும்பியதும் அவர்மீது குற்றவியல் நடவடிக்கை எடுத்தார். அத்தகைய கோரிக்கை பொதுக் கொள்கைக்கு முரணானது என்று கூறி, அந்நடவடிக்கையை அதே நீதிமன்றம் 2017இல் இரத்துச் செய்தது. கையொப்பம் இருந்தால் மட்டும் போதாது, அது எதற்காக இடப்பட்டது என்பதும் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் பாடம்.

உழைத்தவருக்கு ஊதியம் கிடைக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பணம் தராமல் நழுவும் கட்சிக்காரர்களும் இருக்கவே செய்கின்றனர். ஆனால் வாய்ப்பேச்சை நம்பும் வழக்கத்தால் கூடுதலாக நட்டப்படுபவர் ஏழைக் கட்சிக்காரரே. சட்டத்தரணிக்குச் சட்டம் தெரியும். அவருக்கோ பற்றுச்சீட்டு கேட்கவும் தயக்கம்.

கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதி வைக்குமாறு திருக்குர்ஆன் பணிக்கின்றது. அதன் மிக நீண்ட வசனமே அதுபற்றியதுதான். நம்பிக்கையின்மையால் அன்று, நம்பிக்கையைக் காப்பதற்காகவே எழுத்து.

இலங்கை சட்டத்தரணிகள் சங்கத்தின் கிளைகள் மனம் வைத்தால் இது கடினமன்று. செய்யப்போகும் பணி, அதற்கான கட்டணம், தவணைக்குரிய தொகை, பணி முடிவுறும் கட்டம் ஆகியவற்றைக் கொண்ட ஒரு பக்கப் பத்திரம் போதும். அது கட்சிக்காரர் வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த கிராமத்தவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள தாளில் கையொப்பமிடுவது சம்மதமாகாது. செலுத்தும் ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வழங்கப்பட வேண்டும். அதைக் கேட்பது அவமரியாதையன்று, கட்சிக்காரரின் உரிமையாகும்.