கடலாடப் போனால் என்ன குற்றம்?

மலேசியத் தமிழ்ச் சிறுகதையில் ஒரு கதாபாத்திரம் கடற்கரைக்குப் போனால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் நடக்கும். தாத்தா வந்த கப்பலை நினைத்துக் கண்கலங்கும். யாருடைய அஸ்தியையாவது கரைக்கும். இல்லையென்றால் சாகப் போகும். தண்ணீரில் இறங்கி இரண்டு மணி நேரம் கும்மாளம் போட்டுவிட்டு, பசியோடு ஏறிவந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்த ஒருவரை நான் இன்னும் நம் கதைகளில் சந்திக்கவில்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஓர் இலக்கியச் சந்திப்பில், பங்கோர்த் தீவுக்கு நண்பர்களோடு ஸ்நோர்க்கலிங் போன ஒரு நாளை எழுதி வாசித்தேன். மூத்தவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், "தம்பி, நல்லாத்தான் எழுதுறீங்க. ஆனா இதெல்லாம் ஒரு கதையா? உங்க பாட்டி பால் வெட்டுனவங்கதானே, அத எழுதுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்போடுதான் எனக்குச் சண்டை.

தோட்ட இலக்கியத்தை மட்டம் தட்ட வரவில்லை. அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற நாவல்கள் இல்லையென்றால், அந்த ரயில் பாதையில் செத்துக் கிடந்த நம் ஆட்களுக்குத் தமிழில் ஒரு கல்லறைகூட இருந்திருக்காது. தோட்டம் எனக்குக் கேள்விப்பட்ட ஊரும் அல்ல. பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, பெரட்டுக்குப் போய், பால் வெட்டியவர். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. பிறகு பால்மரம் போய் செம்பனை வந்தது, லயம் காலியானது, குடும்பம் ஈப்போவில் ஒரு மலிவு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்த வீட்டிலிருந்துதான் நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பொறியியல் படித்தேன். இந்தக் கதையை நான் சோற்றோடு சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவன். ஆனால் பாட்டியின் கதையை மட்டும்தான் நான் எழுதலாம் என்றால், என் கதையை யார் எழுதுவது? என் பேரனா? அதுவும் நான் செத்த பிறகா?

அந்த அன்பான அறிவுரைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தமிழ் உடம்பு இரண்டு காரியங்களுக்காக மட்டுமே கதைக்குள் வரலாம்: உழைக்க, வலிக்க. மிதக்க வரக்கூடாது. சும்மா வெயிலில் கிடக்க வரக்கூடாது. அப்படி வந்தால் அது 'மேல்தட்டு வாழ்க்கை', 'வேர்களை மறந்தவன்', 'ஜாலி எழுத்து'.

இப்படி முதலில் நினைத்தது யார் தெரியுமா? தோட்ட நிர்வாகம். கூலிக்காரனுக்கு வேலையும் தூக்கமும் போதும் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். நமக்கென்று அவர்கள் மனமுவந்து ஒதுக்கிய இன்பம் கள்ளுக்கடை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னணியில் நின்ற ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுடைய கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது. கூடவே, கள்ளுக்கடையை மூடு என்றும் இருக்கிறது. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்றும் இருக்கிறது.

அந்தச் சைக்கிள் கோரிக்கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். யாருக்காகவும் இறங்காமல், காற்று வாங்கிக்கொண்டு, தன் பாட்டுக்கு மிதித்துப் போவது. இதற்கும் அரிசி விலைக்கும் சம்பந்தம் இல்லை. இருந்தும் அதைக் கேட்டார்கள். நாம் அவர்களுடைய வலியை வாரிசுரிமையாக எடுத்துக்கொண்டு, சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

சரி, பங்கோரில் அந்த நாளில் அப்படி என்னதான் இருந்தது?

ஐந்து பேர். பெட்ரோல், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு நூறு வெள்ளிகூட ஆகவில்லை. 'மேல்தட்டு' என்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். விடியற்காலை ஈப்போவை விட்டுக் கிளம்பி, போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் வழியாக லுமுட். வழிநெடுக செம்பனை. லுமுட்டில் படகேறினால் முதலில் சுங்கை பினாங் கெச்சில், அடுத்து பங்கோர்ப் பட்டணம். அங்கிருந்து இளஞ்சிவப்பு வேனில் தெலுக் நீப்பா. பாய்மரமெல்லாம் இல்லை, மோட்டார் வைத்த ஒரு சின்னப் படகு எங்களை எதிரே இருக்கும் கியாம் தீவுக்குக் கொண்டுபோனது. முகமூடி, மூச்சுக்குழாய், மிதவைச் சட்டை எல்லாம் வாடகைக்கு.

ஐவரில் நீந்தத் தெரிந்தவள் ஒருத்திதான். எங்களில் லாரி ஓட்டும் நண்பன் ஒருவன் உண்டு. ஆறடி ஆள். இரவெல்லாம் தனியாக நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவன். படகின் ஏணியைப் பிடித்த கையை அரைமணி நேரம் விடவே இல்லை. "டேய், எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுரும்டா" என்றான். வயது இருபத்தொன்பது.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அவன் அம்மாவின் பயம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிவிட்டுப் போனவர்கள் குழிகளை மூடாமல் போனார்கள். அதில் தண்ணீர் தேங்கி ஈயக்குட்டைகள் ஆயின. குளிக்கப் போய்த் திரும்பாத பையன்களின் பெயர் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருக்கும். "தண்ணி பக்கம் போன, கால ஒடச்சுருவேன்" என்பது எங்கள் அம்மாக்களின் பாதுகாப்புச் சட்டம். நீச்சல் சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் பயத்தைத்தான் சொல்லித்தர முடியும். யாரோ தோண்டி எடுத்த லாபத்தின் மிச்சம், ஒரு லாரி டிரைவரின் விரல்களில் ஏணியை இறுக்கிக்கொண்டு நின்றது.

பிறகு அவன் விட்டான். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தான். கொஞ்ச நேரம் மூச்சுக்குழாய் மட்டும் மேலே நின்றது. தலையைத் தூக்கி, வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினான்: "மச்சான், கீழ ஒரு ஊரே இருக்குடா!"

தன் உடம்பு மிதக்கும் என்பதை ஒருவன் இருபத்தொன்பது வயதில் கண்டுபிடிக்கிறான். இது கதை இல்லையென்றால் எது கதை?

அடுத்து, அடியில் கிடந்த ஒன்று. கறுப்பாக, தடியாக, அசையாமல். தோழி கேட்டாள், "ஏய், இதுக்குத் தமிழ்ல என்ன?" ஒருவருக்கும் தெரியவில்லை. மலாயில் தெரியும்: காமாட். சட்டென்று எனக்குப் பாட்டியின் அலமாரி ஞாபகம் வந்தது. உளி கையில் கீறினால் பாட்டி தடவிய காமாட் எண்ணெய் இந்தப் பிராணியிலிருந்து வந்ததுதான். ராமநாதபுரம் கடற்கரையில் இதைக் கடல் அட்டை என்பார்கள். நம் முன்னோர் பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை என்று உள்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். வயல் சொற்கள் கப்பலேறி வந்தன, கடல் சொற்கள் வரவில்லை. வந்து சேர்ந்த பிறகும் நாம் தேடிக்கொள்ளவில்லை.

வரலாற்றை மறந்து கூத்தடிக்கிறோம் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1874 ஜனவரி 20-ஆம் தேதி பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது இந்தக் கடலில் நின்ற 'ப்ளூட்டோ' என்ற கப்பலில்தான். அதைக்கொண்டுதான் பிரிட்டிஷ்காரர்கள் பேராவுக்குள் ரெசிடெண்டை உட்கார வைத்தார்கள். மூன்றே வருடத்தில், 1877-இல், கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நட்டாகிவிட்டது. அந்த மரத்துக்குப் பின்னாலேயே தோட்டம், தோட்டத்துக்குப் பின்னாலேயே கங்காணி, கங்காணிக்குப் பின்னாலேயே என் கொள்ளுத்தாத்தா. எங்களை இங்கே கொண்டுவந்த கையெழுத்து விழுந்த தண்ணீரில்தான் நாங்கள் மல்லாந்து கிடந்தோம். இதைவிட நல்ல பதில் இருக்கிறதா? வரலாற்றுக்கு எதிரில் அழுதுகொண்டு நிற்பது மட்டும்தான் மரியாதையா?

தமிழ் மரபில் இதற்கு இடமில்லை என்று சொல்கிறவர்கள் 'பட்டினப்பாலை'யைத் திறந்து பார்க்கலாம். முழுநிலா நாளில் பரதவர்கள் மீன்பிடிக்கப் போகவில்லை. குடிக்கிறார்கள், உண்கிறார்கள், ஆடுகிறார்கள். உழைப்பாளிகளின் விடுமுறை அது. புகார்க் கடற்கரையில் கடலாடுகிறார்கள், உப்புப் போக ஆற்றில் குளிக்கிறார்கள், நண்டை விரட்டுகிறார்கள், மணலில் பாவை செய்கிறார்கள். 'சிலப்பதிகார'த்தில் கடலாடு காதை என்று ஒரு காதையே இருக்கிறது. கோவலனும் மாதவியும் பிரிவது, உல்லாசமாகக் கடற்கரைக்குப் போன ஒரு நாளில்தான். இளங்கோவிடம் போய், "இதெல்லாம் ஒரு கதையா தம்பி?" என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் காலத்திலும் ப. சிங்காரம் இருக்கிறார். சிங்கம்புணரியில் பிறந்து மேடானுக்குப் பிழைக்கப் போனவர், 'புயலிலே ஒரு தோணி'யில் மலாக்கா நீரிணையின் புயலுக்குள் தொங்கானை ஓட்டிக் காட்டினார். கடலை எழுத மீனவராகப் பிறந்திருக்க வேண்டியதில்லை.

நம்மைப் போலவே கப்பலேறிக் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களும் உண்டு. டிரினிடாட், கயானா, மொரீஷியஸ். அங்கேயும் இந்தக் கேள்வி எழுந்தது. 1992-இல் நோபல் பரிசு வாங்கிய கரீபியக் கவிஞர் டெரிக் வால்காட் தன் ஏற்புரையை டிரினிடாட்டின் ஃபெலிசிட்டி என்ற கிராமத்தில் நடக்கும் ராம்லீலாவிலிருந்து தொடங்கினார். கரும்புக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் வேடம் கட்டி ஆடுவதைப் பார்த்து, இழந்த இந்தியாவின் நிழல் என்று இரங்கற்பா எழுதத் தோன்றுகிறது அவருக்கு. பிறகு தெரிகிறது, அந்தப் பிள்ளைகள் எதையும் இழந்தவர்களாக அங்கே நிற்கவில்லை; மகிழ்ச்சியாக விளையாடுகிறார்கள். அதே உரையில், தீவுகளை நீலக்கடலும் வெள்ளை மணலுமாக மட்டும் விற்கும் சுற்றுலா விளம்பரத்தையும் அவர் விடவில்லை.

இந்த இரண்டாவது அடி என் வயதுக்காரர்களுக்கு. நாம் பெர்ஹெந்தியான் போகிறோம், ரெடாங் போகிறோம், ட்ரோன் விடுகிறோம், "செம வைப்" என்று போடுகிறோம். நம் பயணக் கட்டுரைகளில் அறை வாடகை இருக்கிறது, காலை உணவு இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. எங்களைக் கூட்டிப்போன படகுக்காரர் தண்ணீரில் இறங்குமுன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஜாங்ஙான் பீஜாக் காராங்." பவளத்தை மிதிக்காதே. மிதிக்கக்கூடாது என்றால் அது உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். 2010-இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது தியோமான், ரெடாங் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மாதக்கணக்கில் மூடினார்கள். 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவியப் பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. நாம் படம் எடுத்துக்கொண்டிருக்கும் இடம், நாம் படம் எடுக்கும்போதே செத்துக்கொண்டிருக்கிறது.

இழந்த பிறகு பாடுவதில் நாம் கெட்டிக்காரர்கள். லயம் இடிந்த பிறகு லயத்தைப் பாடினோம், பால்மரம் சாய்ந்த பிறகு பால்மரத்தைப் பாடினோம். இருக்கும்போதே போய், இறங்கி, தொட்டு, பெயர் கேட்டு எழுத ஒரு தலைமுறை வேண்டாமா? அதற்கு முதலில் ஒரு பொருளோடு சந்தோஷமாக இருக்கத் தெரிய வேண்டும். நேசிக்காத கடலைப் பற்றி நாளைக்கு நீங்கள் எழுதப்போகும் இரங்கற்பாவும் பொய்யாகத்தான் இருக்கும்.

பேராத் தமிழர்கள் கடலுக்குப் போகாதவர்களும் அல்ல. பங்கோரில் கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு மாசி மகத்தில் எவ்வளவு கூட்டம் என்று போய்ப் பாருங்கள். அம்மன் கடலில் குளிக்கிறாள். நாம் கரையில் கைகூப்பி நிற்கிறோம். சாமிக்கு அனுமதித்ததை நமக்கும் கொஞ்சம் அனுமதித்துக்கொள்ளலாம்.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு என் கோரிக்கைகள் இரண்டே. உங்கள் அடுத்த கதையில் ஒரு தமிழனையோ தமிழச்சியையோ எந்தக் காரணமும் இல்லாமல் சந்தோஷமாக இருக்க விடுங்கள். அடுத்த பக்கத்தில் அதற்காகத் தண்டிக்காதீர்கள். இரண்டாவது, கதையை விடுங்கள், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைக்கும் கற்றுக்கொடுங்கள். லுமுட்டிலிருந்து தினமும் படகு இருக்கிறது.