ஜெனரேட்டர் எங்கே நிற்கிறது?

2018-ல் கஜா புயல் அடித்தது. டெல்டா கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் ஜெனரேட்டர் இருந்தால் நல்லதுதான்.

ஆனால் பெரிதாக வாங்குவானேன்? 4 விளக்கு, 2 மின்விசிறி, ஒரு பிரிட்ஜ். இதற்கு 2 கிலோவாட் போதும். மிச்சப் பணத்தில் 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் போடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் பாயும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து!

மழையில் நனைகிறதே என்று ஜெனரேட்டரைக் கூடத்துக்குள் இழுக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு. நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். சன்னலைத் திறந்து வைத்தாலும் பயனில்லை. வீட்டை விட்டு 20 அடி தள்ளி, மேலே கூரை போட்டு வையுங்கள்.

அவ்வளவு இடம் இல்லையா? ஜெனரேட்டரே வேண்டாம், பேட்டரி இன்வெர்ட்டர் வாங்குங்கள்.