ஊர்ப்பயணமும் உண்டியலும்

புத்தாண்டு பிறந்துவிட்டது. புதிய நாட்காட்டி சுவரில் ஏறும் இந்நாளில், நம் இல்லங்கள்தோறும் ஏதேனும் ஓர் உறுதி மேற்கொள்ளப்படுவது வழக்கம். இவ்வாண்டு கணக்கெழுதத் தொடங்குவோம் என்பார் ஒருவர். கடனை அடைத்தே தீருவோம் என்பார் மற்றொருவர். இம்முறையேனும் ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கி வருவோம் என்பார் இல்லத்தரசியார். தை மாதம் முடிவதற்குள் கணக்கேடு அலமாரிக்குள் புகுந்துவிடுகிறது. ஊர்ப்பயணமோ 'பார்க்கலாம்' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. இதற்குக் காரணம் நம்மவர்க்கு மனத்திட்பம் இன்மை என்று நாம் கருதவில்லை. தொகையும் தேதியும் குறிக்கப்படாத உறுதி, உறுதி ஆகாது; அது வெறும் விருப்பமே.

இருப்புப்பாதை அலுவலில் எழுத்தராய் நாள் கழிக்கும் நாம், மைசூரினின்று தமிழகம் செல்லும் அன்பர்களை இரு வகையினராகக் காண்கிறோம். முதல் வகையினர் கையில் தேதியோடு வருவர். எந்த நாள், எத்தனை பேர், யாருக்குக் கீழ்ப்படுக்கை என்பதெல்லாம் ஒரு துண்டுத் தாளில் எழுதியிருக்கும். இரண்டாம் வகையினர் கையில் தொலைபேசியோடு வருவர். அதில் வந்த செய்தி அவர்தம் முகத்தில் எழுதியிருக்கும். தாயார் மருத்துவமனையில் இருப்பார். அல்லது தந்தையார் மறைந்திருப்பார். இன்றிரவே போயாக வேண்டும். வண்டியிலோ இடம் இராது. எவ்வளவு பணமாயினும் தருகிறோம் என்பர். பணத்தால் வாங்க இயலாத பொருள்களுள் நிரம்பிவிட்ட வண்டியின் படுக்கையும் ஒன்று.

அவர்களோடு இரண்டு சொல் பேசினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: ஊருக்குப் போய் மூன்று ஆண்டு ஆயிற்று, சென்ற முறையும் ஒரு துக்கத்திற்கே போனோம் என்பர். சாவுக்குத் தவறாமல் செல்லும் நாம், பெற்றோர் உயிரோடு திண்ணையில் அமர்ந்து வழி பார்த்திருக்கும் நாளில் செல்வதற்கு மட்டும் பணமில்லை, நேரமில்லை என்கிறோம். ஆனால் அவசரமாய்ப் போகும் அந்த ஒரு பயணத்திற்கு ஆகும் செலவையும் கடனையும் எழுதிப் பார்த்தால், முன்கூட்டி எண்ணிப் போகும் பயணத்தின் செலவை அது விஞ்சி நிற்பதைக் காணலாம். ஆதலின் சேமிப்பு ஒன்று, பயணம் வேறொன்று என இரண்டு தனித்தனி இலக்குகள் வேண்டா. இரண்டையும் ஒரே ஏட்டில், ஒரே பக்கத்தில் எழுதுக என்பதே இத்திங்கள் நாம் கூற விழைவது.

நாம் வாழும் இவ்வூரே இதற்குத் தக்க பாடம் புகட்டுகிறது. 1912 முதல் 1918 வரை மைசூர்த் திவானாக விளங்கிய விசுவேசுவரய்யா அவர்களின் காலத்தில், 1913 ஆம் ஆண்டில், மைசூர் வங்கி தோன்றியது. பிற்காலத்தில் ஸ்டேட் பாங்க் ஆப் மைசூர் எனப் பெயர் பெற்று, 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு அது இணைந்தது. அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கண்ணம்பாடி அணையின் வேலை 1911 இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று பிருந்தாவனத் தோட்டத்தின் விளக்குகளைக் காட்டுகிறோம். அணையின் தொழிலையும் சற்றே விளக்கிச் சொல்லலாம். மழைக்காலத்தில் வருவதைத் தேக்கி, வேண்டிய நாளில் அளந்து திறந்துவிடுவதே அதன் தொழில். சம்பளம் வந்த வாரத்தில் வெள்ளமும் கடைசி வாரத்தில் வறட்சியுமாய் இருக்கும் குடும்பத்திற்கும் வேண்டுவது அத்தகைய ஓர் அணையே.

முதலில் தேதியைக் குறிப்போம். கர்நாடகத்தில் பயிலும் நம் பிள்ளைகளுக்குத் தசரா விடுமுறையும், ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறையும் உண்டு. தமிழகப் பள்ளிகளின் விடுமுறை நாள்கள் சற்று வேறுபடும். ஊரிலுள்ள அத்தை பிள்ளைகளும் சித்தப்பா பிள்ளைகளும் வீட்டில் இருக்கும் காலத்தில் நம் பிள்ளைகள் சென்றால்தான் உறவு வளரும். இரு மாநிலத்தார்க்கும் பொதுவாய் வாய்ப்பது மே மாதம். ஆகவே கோடையில் ஒரு பயணம், பொங்கலிலோ தீபாவளியிலோ ஒரு பயணம் என ஆண்டுக்கு இரண்டு வகுத்துக்கொள்வது நடுத்தரக் குடும்பத்திற்கு ஏற்றது.

தேதி குறித்தபின் முன்பதிவு நாளையும் அதே நாட்காட்டியில் குறித்தல் வேண்டும். முன்னர் 120 நாள்களுக்கு முன்பே பதிவு செய்ய இயன்றது. 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. பயண நாளை நீக்கி எண்ண வேண்டும். மே 10 ஆம் நாள் புறப்பட எண்ணினால் மார்ச் 11 காலை 8 மணிக்குப் பதிவு தொடங்கும். பொங்கலுக்கென ஜனவரி 12 அன்று புறப்பட எண்ணினால் முந்திய நவம்பர் 13 அன்று தொடங்கும். விழாக்கால வண்டிகளில் இடம் விரைவில் தீர்ந்துபோவதால், அந்தக் காலைப் பொழுதில் பணம் கையில் இருத்தல் வேண்டும். ஆகவே சேமிப்பு நிறைவேற வேண்டிய நாள், பயண நாள் அன்று. அதற்கு இரண்டு மாதம் முந்திய நாள் என்பதை மறத்தல் ஆகாது.

மைசூரினின்று மதுரை வழியே தூத்துக்குடிக்கும், தஞ்சை, மயிலாடுதுறை வழியே கடலூருக்கும், இரவு வண்டியாகச் சென்னைக்கும் நேர்வண்டிகள் உள. 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் வண்டி பகலிலேயே சென்னைக்குச் செல்கிறது. அதன் கட்டணம் மிகுதி, நேரம் குறைவு. நேரத்தை விலை கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்று ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைக்கேற்ப எண்ணிக்கொள்ளலாம்.

இனித் தொகையைக் குறிப்போம். பயணச் செலவென்றால் பயணச்சீட்டு மட்டுமே என்று எண்ணுவது பலரது வழக்கம். நிலையம் வரை ஆட்டோ, வழியில் உணவு, ஊரில் இறங்கியபின் பேருந்து, பெரியவர்களுக்கு வேட்டி புடவை, பிள்ளைகள் கையில் வைக்கும் காசு, குலதெய்வத்திற்குப் பொங்கல், இங்கு அண்டை வீட்டார்க்கு வாங்கி வரும் பண்டம் என எல்லாவற்றையும் எழுதுக. 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டாவிடில் கட்டணமில்லை. 5 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால், 2016 முதல் முழுக்கட்டணம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆகவே பெற்றோரை இங்கு அழைத்து வர எண்ணுவோர் அவர்க்கும் முழுத்தொகையே கணக்கிடுக.

எடுத்துக்காட்டாக, நால்வர் கொண்ட குடும்பத்திற்குப் பயணம் ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து 15,000 ரூபாய் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். இரண்டு பயணத்திற்கு 30,000. மாதம் ஒன்றுக்கு 2,500 ரூபாய் ஒதுக்கினால் ஆண்டில் தொகை நிறையும். முதற்பயணம் ஆண்டின் நடுவே வருமாயின், அதற்குரிய பங்கை முற்பகுதியில் சற்றுக் கூட்டி ஒதுக்குக. அவ்வாறின்றி 15,000 ரூபாயை நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டிக்கு வாங்கிச் செல்வோமாயின் மாதம் 300 ரூபாய் வட்டி. ஓராண்டில் 3,600 ரூபாய் போனபின்னும் அசல் அப்படியே நிற்கும். இரண்டாண்டு இழுத்தால் வட்டியே பயணச் செலவில் ஏறத்தாழப் பாதியை எட்டிவிடும். வள்ளுவப் பெருந்தகை பொருள் செயல்வகைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்க, வட்டிக்கடைக்காரரை வாழ வைப்பதையே நாம் பொருள் செயல்வகையாய்க் கொள்ளலாமா?

ஒதுக்கும் பணத்தை எங்கு வைப்பது? சமையலறை டப்பாவில் வைத்தால் எரிவாயு உருளை வரும் நாளில் அது கரையும். ஓராண்டுக்குள் வேண்டும் பணத்தை வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பாக இடுவது நன்று. சம்பளம் வரும் நாளுக்கு மறுநாளே அது கணக்கினின்று கழியுமாறு எழுதிக் கொடுத்துவிட்டால், ஒதுக்கலாமா வேண்டாவா என்னும் வாக்குவாதமே வீட்டில் எழாது. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கக் கூடியது. எனினும் அதன் காலம் 5 ஆண்டு. ஆகவே அது பிள்ளைகளின் கல்லூரி, பழைய வீட்டைப் புதுப்பித்தல் போன்ற நெடுநாள் நோக்கங்களுக்கே பொருந்தும். 10 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை உள்ளோர், 2015 இல் தொடங்கிய செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் இடலாம். ஊர்ப்பயணத்திற்காக மகளின் பணத்தில் கை வைத்தல் கூடாது. அதற்காகவே பயணத்திற்கெனத் தனிக்கணக்கு வேண்டும் என்கிறோம்.

நம்மவரிடையே சீட்டுப் பிடிக்கும் வழக்கம் மிகுதி. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் 1982 ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதுதானா என்று கேட்டறிந்தபின் சேருக. வங்கி வைப்புகளுக்கு ஒரு வங்கியில் ஒருவர்க்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அந்த வரம்பு 2020 பிப்ரவரியில் உயர்த்தப்பட்டது. தெரிந்தவர் என்னும் நம்பிக்கையின்பேரில் கொடுத்த பணத்திற்கு அத்தகைய காப்பு ஏதும் இல்லை.

மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. அதை எவரும் விரும்பி எழுதார். எழுதாமலும் இருத்தல் ஆகாது. அதுவே அவசரப் பயண நிதி. மாதம் 500 ரூபாய் ஒதுக்கினால் 20 மாதத்தில் 10,000 ரூபாய் சேரும். இதைத் தொடர் வைப்பில் பூட்டி வைத்தல் ஆகாது. நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் இருத்தல் வேண்டும். செய்தி எந்த நேரத்தில் வரும் என்று எவர் அறிவார்? தட்கல் முன்பதிவு, வண்டி தொடங்கும் நாளுக்கு முந்திய நாள் குளிர்சாதன வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றிற்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. 2025 ஜூலை முதல், இணையவழியில் தட்கல் சீட்டுப் பெற ஆதாரோடு இணைத்த கணக்கு வேண்டும் என்ற விதி வந்தது. துயரச் செய்தி வந்த பின் அந்த இணைப்பைச் செய்ய முயல்வதினும், இப்புத்தாண்டின் முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே செய்து முடிப்பது அறிவுடைமை. உறுதியான தட்கல் சீட்டைப் பயணி தாமே நீக்கினால் பணம் திரும்பாது என்பதையும் நினைவிற் கொள்க.

சாலை வழியே செல்வோர்க்கும் ஒரு சொல். பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. சாமராசநகரினின்று சத்தியமங்கலம் இறங்கும் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுநேரக் கட்டுப்பாடு வந்தது. கோவை, ஈரோட்டுப் பகுதியினர்க்கு இவையே குறுக்கு வழிகள். நள்ளிரவில் செய்தி வந்தால் எவ்வழியே செல்வது, எந்த நண்பரின் வண்டியை நாடுவது, வீட்டுத் திறவுகோலை யாரிடம் கொடுப்பது என்பவற்றைக் கணவனும் மனைவியும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுதல் நலம். கலங்கிய உள்ளம் கணக்குப் போடாது.

'வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எமக்கு மிஞ்சுவது ஏது? மாதம் 3,000 ரூபாய்க்கு எங்கே போவது?' என அன்பர்கள் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. இரண்டு பயணம் இயலாதோர் ஒன்றாகச் சுருக்குக. நால்வரும் செல்ல இயலாதபோது ஒருவர் மட்டும் ஒரு பிள்ளையை அழைத்துச் செல்க. அடுத்த முறை மற்றொருவர் செல்லட்டும். அதுவும் இயலாதபோது, பெற்றோர் இருவரையும் தசரா நாளில் இங்கு வரவழைக்கலாம். நால்வர் சீட்டின் இடத்தில் இருவர் சீட்டே ஆகும். பெரியவர்கள் அரண்மனை விளக்கொளியையும் சாமுண்டி மலையையும் கண்டு மகிழ்வர். மாதம் 500 ரூபாயே ஒதுக்க இயலுமாயின், அதையும் பயணக் கணக்கு எனப் பெயரிட்டே ஒதுக்குக. பெயரிட்ட பணம் எளிதில் செலவழியாது.

இவ்வளவும் பணத்தைப் பற்றிய பேச்சேயாயினும், இதன் பயன் பணத்தில் முடிவதன்று. இங்கு பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர், அது நன்றே. ஆனால் பாட்டியின் பேச்சை நாம் இடையிலிருந்து விளக்கினால்தான் பேரனுக்குப் புரியும் என்ற நிலை சில வீடுகளில் வந்துவிட்டது. நாள்தோறும் தொலைபேசியில் முகம் காணலாம். எனினும் அடுப்படியில் அமர்ந்து பாட்டியோடு ஒரு வாரம் கழித்த பிள்ளை பெறும் தமிழை எந்தக் கருவியும் தாராது. பாட்டியின் வயதோ நம் வசதிக்காக நிற்பதில்லை.

எனவே இத்திங்கள் ஒரு மாலையில், குடும்பத்தார் அனைவரும் நாட்காட்டியின் முன் அமர்க. இரண்டு தேதிகளை வட்டமிடுக. அவற்றிற்கு 60 நாள் முந்திய தேதிகளையும் வட்டமிடுக. மாதத் தொகையை அதன் ஓரத்திலேயே எழுதுக. பின்னர் ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, 'இன்ன நாள் வருகிறோம்' என்று பெரியவர்களிடம் சொல்லிவிடுக. அவர்களிடம் சொல்லிவிட்ட சொல்லைக் காப்பதற்காகவேனும் நாம் சேமிப்போம். அன்பர்கள் அனைவர்க்கும் இப்புத்தாண்டு கடனற்ற ஆண்டாகவும், உறவு தழைக்கும் ஆண்டாகவும் அமைக!