சிரிப்புக்குள் இருக்கும் மரியாதை

மேற்படிப்புக்காக நியூசிலாந்து செல்லும் நம் நாட்டு மாணவர்களுக்குச் சமோவா நண்பர்கள் கிடைப்பதுண்டு. அந்த நட்பின் பயனாகப் பிறந்தநாள், திருமணம், ஞாயிறு மதிய விருந்து என ஏதாவது ஓர் ஒன்றுகூடலுக்கு அழைப்பும் வரும். சமோவா, தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள தீவு நாடு. 1962ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் விடுதலை பெற்றது. அங்கு ஏறத்தாழ 200,000 பேர் வாழ்கின்றனர். நியூசிலாந்தில் வாழும் சமோவா வம்சாவளியினரின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவுதான். அவர்களுள் பெரும்பாலோர் ஆக்லாந்து நகரில் இருக்கின்றனர்.

அத்தகைய விருந்துக்குச் சென்று, வயிறார உண்டு, ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டி, நகைச்சுவைக்குச் சிரித்துவிட்டுத் திரும்பினால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. அந்த மகிழ்ச்சிக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் மரியாதையையும் அறிந்தால்தான் விருந்தை முழுமையாகச் சுவைக்க முடியும்.

முதலில் உணவைப் பார்ப்போம். சமோவா விருந்தின் உயிர் 'உமு' எனப்படும் கல்லடுப்பு. விறகை எரித்துக் கற்களைப் பழுக்கக் காய்ச்சுவார்கள். அவற்றின்மேல் சேப்பங்கிழங்கு, சீமைப்பலா, மீன், இறைச்சி ஆகியவற்றை அடுக்கி, இலைகளால் மூடி வேகவைப்பார்கள். இளம் சேம்பு இலையில் தேங்காய்ப்பாலையும் வெங்காயத்தையும் பொதிந்து வேகவைக்கும் பண்டத்தின் பெயர் 'பலுசாமி'. நம் ஊர்த் தாத்தா ஒருவரின் பெயர்போல இருக்கிறதே என்று நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பதில் தவறில்லை. ஆனால், சிரிப்போடு நின்றுவிடாமல் அதன் செய்முறையையும் கேட்க வேண்டும். சேம்பு இலை சரியாக வேகாவிட்டால் தொண்டை அரிக்கும். அதனால் அதைப் பக்குவமாக வேகவைக்க வேண்டும். மற்றவர்கள் எழுவதற்கு முன்பே எழுந்து உமுவை மூட்டுபவர்கள் பெரும்பாலும் இளைஞர்களே. இதை அறிந்தபின் பலுசாமியின் சுவை இன்னும் கூடும்.

அதே பந்தியில் 'சாபசுய்' என்ற நூடல்ஸ் உணவும் இருக்கும். இது சீனச் சமையலிலிருந்து வந்தது. சமோவா ஜெர்மானியர் ஆட்சியில் இருந்தபோது, 1903ஆம் ஆண்டு முதல் சீனத் தொழிலாளர்கள் தோட்ட வேலைக்காக அங்குக் கொண்டுவரப்பட்டனர். தோட்டங்களில் உழைத்தவர்களின் வரலாற்றை அறிந்த நமக்கு இந்தச் செய்தி புதிதாகத் தோன்றாது. ஒரு தட்டு உணவுக்குள்ளும் ஒரு நாட்டின் வரலாறு இருக்கிறது.

பரிமாறும் முறையும் கவனிக்கத்தக்கது. பெரியவர்களுக்கும் விருந்தினர்களுக்கும் முதலில் உணவு வழங்கப்படும். இளையோர் பணிவிடை செய்துவிட்டுப் பிறகே உண்பர். தலைமைக்குச் செல்லும் வழி தொண்டு என்பது சமோவா மக்களின் பழமொழி. அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கடந்து செல்லும்போது 'துலோ' என்று கூறி, உடலைத் தாழ்த்தி நடப்பர். மலாய் அன்பர்களின் வீடுகளில் இத்தகைய வழக்கத்தைப் பார்த்த நமக்கு இதைப் பின்பற்றுவது கடினமன்று.

அடுத்தது ஆட்டம். 'சாசா' என்ற குழு ஆட்டத்தில் பலர் வரிசையாக அமர்ந்து, மேளத்தின் தாளத்திற்கேற்பக் கைகளை அசைப்பர். துடுப்பு வலித்தல், மீன் பிடித்தல் போன்ற அன்றாட வேலைகள் அந்த அசைவுகளில் தெரியும். நெருப்பைச் சுழற்றி ஆடும் 'சிவா அஃபி' பார்ப்போரை மலைக்க வைக்கும். 'அஃபி' என்றால் நெருப்பு. மலாய் மொழியில் 'அப்பி'. இரு மொழிகளிலும் ஐந்துக்கு 'லீமா', கண்ணுக்கு 'மாத்தா' என்றே பெயர். இரண்டும் ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதே இதற்குக் காரணம்.

விழாவின் நிறைவாக 'தௌவலுங்கா' ஆட்டம் இடம்பெறும். தலையில் உயர்ந்த அணி சூடிய பெண் ஒருவர் நிதானமாக, நளினமாக ஆடுவார். அவரைச் சுற்றிச் சிலர் கூச்சலிட்டு, கோமாளிபோல் குதித்து, தரையில் விழுந்து புரளுவர். முதன்முறை பார்ப்பவர்கள் இதைக் கேலி என்று நினைக்கக்கூடும். உண்மை அதுவன்று. தம்மைத் தாழ்த்திக்கொண்டு, நடுவில் ஆடுபவரின் அழகை உயர்த்திக் காட்டுவதே அவர்களின் நோக்கம். அங்குச் சிரிப்பே மரியாதை ஆகிறது.

சமோவா நகைச்சுவையின் வேரும் இதுதான். 'ஃபலே ஐத்து' என்பது அவர்களின் மரபுவழி நகைச்சுவை நாடகம். 'ஆவிகளின் வீடு' என்பது அதன் பொருள். நடிகரின் வாய்வழியே ஆவி பேசுவதாகக் கொள்வதால், ஊர்த் தலைவரைக்கூட அதில் கிண்டல் செய்யலாம். நேரில் சொல்ல முடியாத குறையைச் சிரிப்பின் வழியே சொல்லிவிடுவார்கள். நியூசிலாந்தில் 2003 முதல் 2016 வரை மேடையேறிய 'லாஃபிங் சமோவன்ஸ்' இணையரும் தம் சமூகத்தின் அன்றாட வாழ்க்கையை வைத்தே மக்களைச் சிரிக்க வைத்தனர். தம் வீட்டைப் பார்த்துத் தாமே சிரிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. விருந்தினராகிய நாம் அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம். அவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

விருந்துக்குப் போன இடத்தில் இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அதற்கு வரலாறே விடை கூறுகிறது. நியூசிலாந்துத் தொழிற்சாலைகள் ஒரு காலத்தில் பசிபிக் தீவு மக்களை விரும்பி வரவேற்றன. 1970களில் பொருளாதாரம் சரிந்தபோது நிலைமை மாறியது. விசா காலம் முடிந்தும் தங்கியிருப்போரைத் தேடிக் காவல்துறையினர் விடியற்காலையில் வீடுகளுக்குள் நுழைந்தனர். பிற நாட்டவரும் அவ்வாறு தங்கியிருந்தபோதிலும், தீவு மக்களே குறிவைக்கப்பட்டனர். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் அன்றைய பிரதமர் ஜெசிண்டா ஆர்டன் அரசின் சார்பில் முறைப்படி மன்னிப்புக் கோரினார். அப்போது, மன்னிப்பு வேண்டுவோரைப் பாயால் போர்த்தும் சமோவா மரபுப்படி, அவர்மீதும் பாய் போர்த்தப்பட்டது. ஒரு மக்களின் உழைப்பை ஏற்றுக்கொண்டு, அவர்களை மதிக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு இது பாடம். உணவுக்கும் ஆட்டத்திற்கும் இதே பாடம் பொருந்தும்.

ஆகவே, பிற இனத்தவரின் விழாவுக்குச் செல்லும்போது கைப்பேசியில் படமெடுப்பதை மட்டும் நோக்கமாகக் கொள்ள வேண்டாம். கொடுப்பதைச் சுவைத்துப் பாருங்கள். ஆட அழைத்தால் கூச்சப்படாமல் எழுந்து ஆடுங்கள். புரியாததைப் பணிவோடு கேளுங்கள். விருந்து முடிந்ததும் பாத்திரம் கழுவ ஒரு கை கொடுங்கள். தொண்டைப் போற்றும் மக்களிடம் நன்றி சொல்ல அதைவிடச் சிறந்த வழி இல்லை.