கோடு எழுதுவது மட்டுமா புரோகிராமர் வேலை?

"இனி கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து என்ன பயன்? எல்லாவற்றையும் ஏஐ எழுதிவிடுமே!" கல்லூரி அட்மிஷன் நேரத்தில் தூத்துக்குடியில் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. 2024 டிசம்பரில் நியோ டைடல் ஐடி பூங்கா திறந்த ஊரில் பிள்ளைகளை இப்படி மிரட்டுவது அநியாயம்.

ஏஐ கோடு எழுதும், வேகமாகவே எழுதும். தொடக்கநிலை வேலைகள் சில குறையவும் கூடும். ஆனால் எதை எழுதவேண்டும் என்பது யாருக்குத் தெரியும்?

ஓர் உதாரணம்: 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஏற்றுமதியாளர் கட்டிய ஐஜிஎஸ்டி வரியைத் திருப்பித் தருவதற்காக, சுங்கத்துறைக்குக் கொடுத்த ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் எண்ணையும் ஜிஎஸ்டி கணக்கில் இருக்கும் எண்ணையும் சுங்கத்துறையின் கம்ப்யூட்டர் ஒப்பிட்டது. பொருந்தினால் பணம். பொருந்தாவிட்டால் 'எஸ்பி005' என்ற பிழை. புரோகிராம் சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஆனால் ஜிஎஸ்டிக்கு ஒரு இன்வாய்ஸ், சுங்கத்துக்கு இன்னொன்று என்று போடுவது பல ஏற்றுமதியாளர்களின் வழக்கம். நாடெங்கும் பணம் முடங்கியது. திருப்பூர் பனியன் கப்பலேறும் தூத்துக்குடியில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்டைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். 2018-ல்தான், இரண்டு எண்களையும் பொருத்திக் காட்டும் அட்டவணையை ஏற்றுமதியாளர் கொடுத்தால் அதிகாரி சரிபார்த்துப் பணத்தை விடுவிக்க வழி பிறந்தது. விதியைச் சொல்லி ஏஐயிடம் கேட்டிருந்தால், அதே தவறான ஒப்பீட்டை இன்னும் சீக்கிரம் எழுதிக் கொடுத்திருக்கும்.

நாளைக்கு ஏஐ இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் என்பார்கள். தெரிந்துகொள்ளட்டும். தவறினால் பொறுப்பு யாருக்கு? 2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும் ஒரு தொழில்முனைவோரின் டேட்டாபேஸை அழித்தது. மன்னிப்புக் கேட்டவர் அந்த நிறுவனத்தின் தலைவர், ஒரு மனிதர்.

முத்துக்குளிப்பு போனதுபோல இந்தத் தொழிலும் போகும் என்று சொல்பவர்களுக்கு தூத்துக்குடிக் கடலின் வரலாறே தெரியவில்லை. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. பிறகு கடலடி முத்துப் பார்களில் அதற்குத் தேவையான அளவு சிப்பி விளையவில்லை. மூழ்கி எடுப்பவரின் வேலையை எந்த இயந்திரமும் பறிக்கவில்லை. சங்குக்காக இன்றும் ஆட்கள் மூழ்குகிறார்கள்.

பிள்ளைகளைத் துறையை விட்டு விரட்டாதீர்கள், பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களை முதலாம் ஆண்டிலேயே கஸ்டம்ஸ் ஏஜெண்ட் அலுவலகத்திலும் கன்டெய்னர் யார்டிலும் ஒரு செமஸ்டர் உட்காரவைக்கத் தூத்துக்குடிக் கல்லூரிகள் முன்வர வேண்டும்.